தவக்காலத்து இருமல்

தாராளமாக மூச்சு விட முடிகிற எல்லாருக்கும் என் வணக்கம். விட முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு இன்னும் பெரிய வணக்கம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைக் கோயிலில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் எழுந்து நின்றாலே நம் சனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வாயைத் திறக்கும் வரைக்குமாவது பொறுக்கலாம். அதனால் ஃபாதர், "நீ எழுதிக் குடுத்துடுப்பா, நம்ம கோயில் பத்திரிகை பங்கு மலர்ல போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார்.

என் பெயர் ஆரோக்கியசாமி. பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதும்போது நர்ஸ் அம்மாவும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

போன வருஷம் பொங்கல் முடிந்த சமயத்தில் என் நிலைமை இது. சட்டைக்குப் பொத்தான் போட்டால் மூச்சு வாங்கும். குனிந்து செருப்பு வாரை மாட்டினால் கண் இருட்டும். தெருமுனைக் குழாய்க்குக் குடத்தோடு போனால் பாதி வழியில் நின்றுவிடுவேன். நிற்பது அசிங்கமாக இருக்கிறதே என்று, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்து, "தோ வர்றேன்" என்று காற்றுக்குப் பதில் சொல்லி நடிப்பேன். தெருவில் பாதிப் பேர் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நம்பினார்கள்.

படுத்தால் நெஞ்சின் மேல் மூட்டை வைத்த மாதிரி இருக்கும். எழுந்து உட்காருவேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும். நின்றால் நடக்கத் தோன்றும். நடந்தால் மூச்சு போய்விடும். மறுபடி உட்காருவேன். ஓர் இடத்தில் நிலைகொள்ள முடியவில்லை. சோறு இறங்கவில்லை. மனசும் ஓயவில்லை. என் மனைவி ஜெயமேரி பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "இன்னாங்க இது? கூண்டுல மாட்டுன எலி மாதிரி சுத்திக்கினே கீறீங்க. ஒரு எடத்துல குந்துங்களேன்" என்பாள். குந்த முடிந்தால் குந்த மாட்டேனா?

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்குக் கிழக்கே கல்குவாரிகள் இருக்கிற பக்கம் ஒரு கிரஷரில் ரொம்ப வருஷமாக ஆபரேட்டராக இருந்தேன். பாறையை மிஷின் கடிக்கும். முதலில் ஜல்லி, அப்புறம் பொடி ஜல்லி, கடைசியில் மாவு. அந்த மாவு கேப்பை மாவைவிட நைசாக இருக்கும். கண்ணில், காதில், புருவத்தில், சோற்றில் என்று எல்லா இடத்திலும் இருக்கும். சாயந்திரம் மிஷின் நிற்கும்போது அத்தனை பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி சாம்பல் நிறத்தில் நிற்போம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, மனுஷன் வெறும் மண்தான் என்று ஃபாதர் எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவார். வேலையிலிருந்து நேராகக் கோயிலுக்கு ஓடிவந்த என் நெற்றியில் அவருக்கு இடமே கிடைக்காது. மண் என்று எனக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

தூசி எழும்பாமல் இருக்க மிஷினுக்கு மேலே தண்ணீர் தூவுகிற குழாய் உண்டு. ஆனால் தண்ணீர் பட்டால் மாவு சல்லடையில் அப்பிக்கொள்ளும். சல்லடை அடைத்தால் மிஷினை நிறுத்திவிட்டு ஏறி நின்று தட்ட வேண்டும். யார் தட்டுவது? அதனால் குழாய் மூடியேதான் இருக்கும். அதிகாரி வருகிறார் என்று கேட்டிலிருந்து போன் வந்தால் திறப்போம். அவருடைய ஜீப் தார் ரோட்டைத் தொட்டதும் மூடிவிடுவோம். திறந்து மூடுகிற உத்தியோகம் என்னுடையது. அணைக்கட்டுக்கு இன்ஜினியர் மாதிரி எனக்கு அதில் ஒரு மிதப்பு வேறு.

மூக்குக்குக் கட்டிக்கொள்ள மாஸ்க் கொடுத்தார்கள். பேசுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வேன். ஆண்டவர் கிருபையால் என் தாடைக்கு இன்று வரை ஒரு தூசி நோயும் வந்ததில்லை.

இதற்கெல்லாம் மேலே எங்களிடம் கிரஷர் வைத்தியம் ஒன்று இருந்தது. சாயந்திரம் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம், ஒரு பீடி. வயிற்றுக்குள் போன தூசியைப் பழம் தள்ளிவிடும், தொண்டையில் இருப்பதை வெல்லம் கரைத்துவிடும் என்று நம்பினோம். நெஞ்சுக்குள் போனதை என்ன செய்வது? அதற்குத்தான் பீடி. புகை உள்ளே போய்த் தூசியைக் கிளப்பிவிடும், இருமல் வரும், இருமலோடு தூசி வெளியே வந்துவிடும். நன்றாக இழுத்து, நன்றாக இருமி, சாம்பல் நிறத்தில் துப்பி, "பாத்தியா, கல்லு வெளிய வருது பாரு" என்று காட்டுவோம். வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் இந்தப் பாடம் எடுக்கிற வாத்தியார் அடியேன்தான்.

என்னோடு சேர்ந்து ஜல்லி ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவன் கன்னியப்பன். என்னைவிடச் சின்னவன், எனக்கு உயிர். மாரியம்மன் பக்தன். அவன் எல்லாரிடமும் சொல்வான்: "எங்க ஆரோக்கியண்ணா மட்டும் டாக்டருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் பத்து பேரு உசுரோட இருந்திருக்க மாட்டாங்க."

இப்போது தவக்காலத்துக்கு வருகிறேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிலர் கறி விடுவார்கள், சிலர் சினிமா விடுவார்கள். நான் வருஷா வருஷம் பீடி விடுவேன். எங்கள் பங்கில் இதற்கு எனக்கு நல்ல பேர் உண்டு. திருநீற்றுப் புதனன்று நாற்பது நாள் நோன்பு தொடங்கும்போதே மாதா படத்துக்கு முன்னால் நின்று, "இந்த இருமலை எடுத்துடும்மா, உம் புள்ளைகிட்டச் சொல்லி எப்படியாச்சும் எடுத்துடு" என்று வேண்டிக்கொள்வேன்.

நடப்பது என்ன? பீடியை விட்ட கொஞ்ச நாளில் இருமல் இரண்டு பங்காகும். சளி கொட்டும். சிலுவைப் பாதையில் ஃபாதர் ஜெபம் சொல்வதா, நான் இருமி முடிப்பதா என்று போட்டி நடக்கும். என் பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக அடுத்த பெஞ்சுக்கு நகர்வார்கள். ஈஸ்டர் வரும். கன்னியப்பன் பண்டிகை மரியாதையாக ஒரு கட்டு பீடியைக் கலர் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். இது பல வருஷத்து வழக்கம். பற்றவைத்து இழுப்பேன். இரண்டு மூன்று நாளில் இருமல் அடங்கிவிடும்.

இதிலிருந்து ஒரு மனுஷன் என்ன முடிவுக்கு வருவான்? பீடிதான் என்னைக் காப்பாற்றுகிறது என்ற முடிவுக்கு வந்தேன். வேண்டுதலை ஆண்டவர் கேட்கவில்லை, பீடி கேட்டுவிட்டது. வாய்விட்டு இதைச் சொல்லவில்லை. மனசுக்குள் ஆண்டவர் மேல் ஒரு வருத்தம் இருந்தது. வருஷா வருஷம் அது கூடிக்கொண்டே போனது.

போன வருஷம் திருநீற்றுப் புதனுக்குக் கொஞ்சம் முன்னால், காணையில் இருக்கும் என் மச்சான் வீட்டில் காதுகுத்து. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய், அங்கிருந்து காணை பஸ் ஏற வேண்டும். நாங்கள் போய் இறங்கும்போது காணை பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஜெயமேரி, "ஓடாதீங்க, அடுத்த பஸ்ல போலாம்" என்று கத்துகிறாள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் இந்த ஜில்லாவிலேயே நான் பேர் வாங்கியவன். ஓடினேன். துண்டை வீசினேன். ஜன்னலோரச் சீட்டில் சரியாகப் போய் விழுந்தது. நானும் விழுந்தேன், கீழே.

துண்டு காணைக்குப் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வாய் திறந்திருக்கிறது, காற்று உள்ளே வரவில்லை. மீனைக் கரையில் போட்டால் எப்படி? அப்படி. சுற்றிலும் சனங்கள். யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள். ஜெயமேரி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏசுவே, ஏசுவே" என்கிறாள். எனக்கு அந்தப் பேரைச் சொல்லக்கூட மூச்சு இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். அவர் பேர் தெரியாது. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாரோ அந்தச் சாமி அவரை நன்றாக வைக்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியை டப்பியில் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. என் இருமலுக்கே அவரைவிட வயது அதிகம் இருக்கும் போலிருந்தது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலது பக்கம் மேல ஒரு நிழல் தெரியுதுய்யா. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

"கேன்சராம்மா?"

"பாக்காம எதையும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. முடிவு வர வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, எதிராளிக்குக்கூட வரக் கூடாது. கட்டிலில் புரண்டேன். எழுந்தேன். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்களை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிரசவத்துக்கு அப்புறம் தாய் என்ன சாப்பிட வேண்டும் என்பது வரைக்கும். கை பீடியைத் தேடியது. இல்லாத சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தேன். சாகக் கிடக்கிறேன், மனசு ஒரே ஒரு இழுப்பு கேட்கிறது. மெதுவாக வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். நர்ஸ் அம்மா பிடித்துவிட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

"காத்துதான் மூக்குலயே மாட்டி வுட்டுக்கீதே. அது பத்தலியா? போய்ப் படுங்க."

படுத்தேன். ஜெயமேரி வராண்டாவில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். முகத்தை எனக்குக் காட்டவில்லை. தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று அவளைச் சிரிக்க வைக்க என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு நானும் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, இந்த இருமலை எடு. இல்ல, என்னை எடு. ரெண்டையும் வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எத்தினி வருசமா கேக்கறேன். நீ ஒரு பதில் சொன்னியா? எதுவா இருந்தாலும் ஜல்தியா பண்ணு. அவளை மட்டும் அழ வைக்காத." இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் அழுதேன். அழுதால் மூச்சு திணறுகிறது. நிம்மதியாக அழுவதற்குக்கூட நுரையீரல் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டரம்மா ஸ்கேனோடு வந்தார்.

"கேன்சர் இல்லை. சளியில டி.பி.யும் இல்லை."

ஜெயமேரி அப்படியே தரையில் முழந்தாளிட்டுவிட்டாள். டாக்டரம்மா அவளைப் பிடித்து எழுப்பினார். "எழுந்திரிங்கம்மா. நான் இன்னும் முடிக்கலை."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கல் மாவு நுரையீரலுக்குள் போய், போன இடத்திலெல்லாம் தழும்பாகிவிட்டது. எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிந்தது அந்தத் தழும்பு திரண்ட இடம்தான். சிலிக்கோசிஸ் என்று பேர் சொன்னார். அந்தத் தழும்பு மறையாது. அதற்கு மேல், பீடிப் புகை மூச்சுக் குழாய்களை வீங்க வைத்துச் சுருக்கிவிட்டது. தூசி ஒரு பக்கம் இடிக்க, புகை இன்னொரு பக்கம் இடிக்க, நடுவில் என் நெஞ்சு. "போனது போனதுதான்யா. இருக்கறதைக் காப்பாத்தணும். கிரஷருக்குத் திரும்பப் போகக் கூடாது. பீடியைத் தொடக் கூடாது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பீடி புடிச்சாதாம்மா தூசி வெளிய வரும்" என்று என் வைத்தியத்தை ஒன்று விடாமல் விளக்கினேன். பழம், வெல்லம், எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

"பீடியை எப்பவாவது விட்டிருக்கீங்களா?"

"வருசா வருசம் விடுவேம்மா. தவக்காலத்துல."

"விட்டா எப்படி இருக்கும்?"

"அதாம்மா பேஜாரு. இருமல் ஜாஸ்தியாயிடும். ஈஸ்டருக்கு ஒண்ணு இழுத்தா அடங்கிடும்."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கட்டில் மேல் வைத்துவிட்டார். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, மூச்சுக் குழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முடி மாதிரி இருக்கும். உள்ள வர்ற தூசியை, சளியை எல்லாம் அதுதான் மேல மேல தள்ளிக் கூட்டிக்கிட்டே இருக்கும். பீடிப் புகை அதை மயங்க வெச்சிடும். நீங்க துப்பிக் காட்டினீங்களே, அது பீடியே உண்டாக்கின சளி. நீங்க பீடியை விட்டதும் அந்த முடியெல்லாம் எழுந்து வேலையை ஆரம்பிக்கும். தேங்கிக் கெடந்ததெல்லாம் கெளம்பும். அதான் அந்த இருமல். உங்க நெஞ்சைக் கூட்டிப் பெருக்கற சத்தம் அது. ஈஸ்டர் அன்னைக்கு நீங்க அதைத் திரும்ப மயங்க வெச்சிட்டு, அடங்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டிருக்கீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பிரியமானவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் அவர் பதில் சொல்லியிருக்கிறார். தவக்காலம் முழுக்க, இடைவிடாமல், ஊரே கேட்கும்படி என் நெஞ்சுக்குள்ளிருந்தே பதில் சொல்லியிருக்கிறார். நான் அதைச் சகிக்க முடியாமல், அவர் உயிர்த்த திருநாளில், கலர் காகிதத்தைப் பிரித்து, அவருடைய பதிலைப் புகை போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். போட்டுவிட்டு, பதிலே சொல்லவில்லையே என்று அவர் மேலேயே கோபம். என்னைவிடப் பெரிய கோமாளியை இந்த ஜில்லாவில் காட்டுங்கள் பார்ப்போம்.

தெரிந்துவிட்டது, அப்புறம் சுலபம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. தெரிந்துகொள்வது வேறு, கை கேட்பது வேறு.

வீட்டுக்கு வந்தேன். திருநீற்றுப் புதன் வந்தது. வழக்கம் போலப் பீடியை விட்டேன். இந்தத் தடவை வேலையும் இல்லை, கைக்கும் வேலை இல்லை. வாயில் எதையாவது போட்டுக்கொள்ளட்டும் என்று ஜெயமேரி வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வாங்கி வைத்தாள். தின்பதற்குப் பொறுமை இல்லை. உரித்து உரித்துக் குவித்தேன். "போதுங்க, இதை வெச்சிக்கினு ஊருக்கே சட்னி அரைக்கலாம்" என்றாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். டி.வி.யைப் போடுவேன், அணைப்பேன். காரணம் இல்லாமல் அவள் மேல் எரிந்து விழுவேன். அப்புறம் போய் மன்னிப்பு கேட்பேன். மன்னிப்பு கேட்ட வாய் மூடுவதற்குள் மறுபடி எரிந்து விழுவேன். "நீங்க பேசாம பீடியே புடிச்சித் தொலைங்களேன்னு ஒரு நாளு வாய் வரைக்கும் வந்துடுச்சி" என்று பிற்பாடு சொன்னாள். மாதா அவள் வாயை மூடினார்.

இருமல் வந்தது. முன்பு வந்ததெல்லாம் ஒத்திகை. விலா எலும்பு நோகும், கண்ணில் நீர் கொட்டும். குருத்து ஞாயிறு பூசையில் நான் இருமிய இருமலில் ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்தி, "ஆரோக்கியம், நீ முடி, நான் அப்பறம் பேசறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது. டாக்டரம்மா சொன்னது சரிதானா? கூட்டிப் பெருக்குகிறது என்றால் எவ்வளவு நேரம் பெருக்கும்? இது வேறு ஏதாவதாக இருந்தால்? சீட்டில் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் மருந்தை உறிஞ்சிக்கொண்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஆண்டவரே, இது உன் பதில்தானா? ஒரு தடவை சொல்லிடு, அப்பால நான் கேக்க மாட்டேன்" என்று புலம்பினேன். ஈஸ்டருக்கு முந்திய அந்தப் பெரிய வாரம் முழுக்க அதே புலம்பல்தான்.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். பளிச்சென்று வெள்ளை வேட்டி சட்டையில் கன்னியப்பன் வந்து நிற்கிறான். ஒரு கையில் பிரியாணி டப்பா. இன்னொரு கையில் கலர் காகிதத்தில் சுற்றிய கட்டு.

"ஹேப்பி ஈஸ்டருணா. இன்னாணா இப்படி எளைச்சிட்ட? நீ இல்லாம கிரஷரே சிரிக்க மாட்டேங்குது."

"பெல்ட்டு எப்பிடிப் போவுது?"

"போவுது. தண்ணி பைப்பைத் தொறந்து மூட ஆளு இல்ல. மூடியே கீது."

ஜெயமேரி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டாள். "கன்னியப்பா, அத்த எடுத்துனு போயிடு. டாக்டரு கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"இல்லக்கா, வழக்கம்னு எடுத்தாந்தேன். புடிக்கணும்னு இல்ல. சும்மா கையில வெச்சிக்கட்டும். அண்ணன் இருமறதைப் பாத்தா எனக்கே நெஞ்சு வலிக்குதுக்கா. ஒண்ணு இழுத்தா அடங்கிடும்னு அண்ணன்தானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சி?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாசத்தில் சொல்கிறான். நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்தே என்னை மடக்குகிறான். ஜெயமேரி என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கட்டைப் பார்த்தேன். இங்கே உண்மையைச் சொல்லாவிட்டால் இது சாட்சி ஆகாது. என் கை நீண்டது. எடுக்கத்தான் நீண்டது. மனசுக்குள், 'ஒண்ணே ஒண்ணு. இந்த நெஞ்சு ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

விரல் காகிதத்தில் பட்டது. அப்போது வந்தது ஒரு இருமல்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இடுப்பிலிருந்து கிளம்பிய மாதிரி இருந்தது. நான் மடங்கிப்போனேன். கட்டு கீழே விழுந்தது. கன்னியப்பன் பதறி என் தோளைப் பிடித்தான். பிடித்திருக்கக் கூடாது. அவனுடைய பண்டிகைச் சட்டையின் மார்பில், சரியாகப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு உருண்டை வந்து விழுந்தது. கெட்டியாக, கருஞ்சாம்பல் நிறத்தில், விரல் நுனி அளவுக்கு.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது இன்னாணா, சிமெண்டா?" என்றான் கன்னியப்பன்.

நான் பதில் சொல்வதற்காக மூச்சை இழுத்தேன். இழுத்தது போய்க்கொண்டே இருந்தது. தொண்டை தாண்டி, நெஞ்சு தாண்டி, பல வருஷமாகக் கதவு சாத்திக் கிடந்த ஓர் அறைக்குள் யாரோ நுழைந்த மாதிரி அடி வரைக்கும் போனது. வெளியே விட்டேன். மறுபடி இழுத்தேன். மறுபடியும் போனது. கன்னியப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது. நான் பாட்டுக்கு நின்று மூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்று ஜெயமேரி உலுக்கினாள்.

"ஒண்ணும் பண்ணல" என்றேன். "ஒண்ணுமே பண்ணல, மேரி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மூச்சுக் குழாயை அடைத்துக்கொண்டிருந்த சளிக் கட்டி பெயர்ந்திருக்கும், அது போனதும் காற்றுக்கு வழி கிடைத்திருக்கும் என்றார். மூச்சை அளக்கிற கருவியில் ஊதச் சொன்னார். முன்பைவிட முள் கொஞ்சம் மேலே ஏறியது. "நல்ல ஆள் மாதிரி ஆக மாட்டீங்க. ஆனா நல்லா இருப்பீங்க" என்றார். ஆண்டவர்தான் பெயர்த்தார் என்று நான் சொன்னேன். "அவர் பெயர்க்கட்டும், நீங்க மருந்தை விடாதீங்க" என்றார். எனக்கு அந்தக் கூட்டணி பிடித்திருக்கிறது.

இன்று நான் முழுசாகக் குணமாகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. தழும்பு அப்படியே இருக்கிறது. படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுகிறேன், ஆனால் இப்போது நடிக்காமல் நிற்கிறேன். காலையும் மாலையும் மருந்தை உறிஞ்சுகிறேன். பனிக்காலத்தில் கொஞ்சம் சிரமம். கிரஷர் பக்கம் போவதில்லை. ஒரு செடி நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது. அங்கே மண்ணெல்லாம் ஈரமாக, நல்ல பிள்ளையாக, கீழேயே கிடக்கிறது. பீடி போனது போனதுதான். சில நாள் சாயந்திரத்தில் கை இன்னும் சட்டைப் பையைத் தடவும். தடவிவிட்டு, "ஆண்டவரே, பாத்துக்கோ" என்பேன். பார்த்துக்கொள்கிறார்.

கன்னியப்பன் அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டான். ஆனால் பயம் போகவில்லை. என்னையே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தான். அவனுக்கும் தழும்பு இருக்கிறது, ஆரம்பம்தான். பீடியை விட்டான். இப்போது அவனுக்கு இருமல் கொட்டுகிறது. நேற்றுகூடப் போன் பண்ணி, "ணா, உன் ஆண்டவரு எங்க ஆளையும் சேத்து வாட்டறாருணா. நான் மாரியாத்தா ஆளாச்சே, என்னை ஏன் இழுக்கறாரு?" என்றான். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்கும் வரைக்கும் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்து, அடைத்த சல்லடையைத் தானே ஏறித் தட்டுகிறானாம். அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள். அவன் மறுக்க மாட்டான்.

கடைசியாக, கிரஷரில், ரைஸ் மில்லில், சிமெண்ட் வேலையில், பஞ்சு தூசியில் இருக்கிற என் அண்ணன் தம்பிமார்களே, அக்கா தங்கச்சிமார்களே: இருமலோடு வாழப் பழகிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். எந்த இருமல் எதற்காக வருகிறது என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள், நான் அப்படி எழுதித்தான் ஏமாந்தேன். பீடியை விட்டதும் உடம்பு முரண்டு பிடித்தால், தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். எனக்குப் பதில் தந்தவர் உங்களுக்கும் தருவார், அதை நான் நம்புகிறேன். ஆனால் நாம் கேட்ட உருவத்தில்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் அமைதி கேட்டேன், அவர் சத்தமாக வந்தார்.

முழந்தாளிடுங்கள். மனசில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லி முடித்ததும் எழுந்து, முகம் கழுவி, எக்ஸ்ரே எடுக்கக் கிளம்புங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பூசை முடிந்ததும் என்னைப் பாருங்கள். நானும் கூட வருகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன், ஆனால் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவேன். அதற்கு இப்போது எனக்கு மூச்சு இருக்கிறது.